சாத்துக்குடியோடு வரும் நீதிபதி

நோய்க்குக் காரணம் கேட்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. வாசகரே, நீங்கள் ஒரு சாதாரணக் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் போதும், உங்கள் தெருவில் இந்த இனத்தார் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். இவர் மூன்றே முக்காலுக்கே வாசலில் நிற்பார். கையில் மஞ்சள் பை, அதில் ஆறு சாத்துக்குடி. உள்ளே வந்ததும் பையை ஸ்டூலில் வைத்து, நோயாளியின் கால் பெருவிரலை ஒருமுறை அமுக்கிப் பார்த்து, தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலை விரலால் சுண்டி, கேஸ் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்து, "என்ன செய்யுது?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதுதான் அவர் கேட்க வந்த கேள்வி.

"என்னத்தத் தின்னாரு?"

எதையோ தின்றிருக்க வேண்டும். அல்லது எதையோ தின்னாமல் விட்டிருக்க வேண்டும். வெந்நீரில் குளித்தது, பச்சைத் தண்ணீரில் குளித்தது, குளிக்காமல் இருந்தது, ஏதோ ஒரு குற்றம் எங்கேயோ இருக்கிறது. அதைக் கையில் வாங்காமல் அவர் பஸ் ஏற மாட்டார். ஏன் தெரியுமா? காரணம் கிடைத்துவிட்டால் நோய் கட்டிலோடு நின்றுவிடும். கிடைக்காவிட்டால் அவரோடு கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

நான் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். பேரிங் தேய்ந்தால் அது என்ன தின்றது என்று நாங்கள் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தத் தூசியில் ஓடியது என்று பார்ப்போம். பேரிங்குக்குக் கிடைக்கிற இந்த மரியாதை மனிதருக்குக் கிடைப்பதில்லை.

இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால், பொன்னுராஜ் அண்ணாச்சி. செட்டியார்பட்டியில் பலசரக்குக் கடை. காலையில் வெந்தயத் தண்ணீர், கண்மாய்க் கரை வரை நடை, ராத்திரி இரண்டே இட்லி. அவனவன் உடம்பு அவனவன் பொறுப்பு என்பது அவர் கொள்கை. கடைக்கு வருகிறவர்களுக்குப் புளியோடு சேர்த்து அதையும் மடித்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரி கட்டக் கட்டத்தான் நோயாளி பெருகுகிறான் என்பது அவருடைய ஆராய்ச்சி. அவருக்கே முட்டி வலி வந்தபோது மட்டும் காரணம் தேடப்படவில்லை. அது கண்ணேறு. அதற்காக மடவார் வளாகத்துக் கோயிலில் வைத்தியநாதரிடம் ஐந்து வெள்ளிக்கிழமை முறையிட்டுவிட்டு வந்தார். பொறுப்பை அங்கே ஒப்படைத்தாயிற்று.

என் அப்பா கருத்தப்பாண்டி, அண்ணாச்சியின் நெடுநாள் வழக்கு. ராஜபாளையத்தில் ஒரு மில்லில், புளோ ரூமில், இருபத்தாறு வருடம் வேலை. பஞ்சுப் பேலைப் பிரித்து மெஷினுக்குப் போடுகிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம் நரைத்திருக்கும், குளித்தால் கறுத்துவிடும். ஞாயிறு விடுமுறை, தூசி இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்தால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதன் கொஞ்சம் தேவலை. மறுபடியும் திங்கள்.

அண்ணாச்சி இதற்கு நின்ற நிலையில் தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வீட்ல என்ன?"

"கறி எடுப்போம் அண்ணாச்சி," என்றாள் அம்மா வெள்ளைத்தாய்.

"பொறவு என்ன? கறிக் கொழுப்பு மறுநாள் நெஞ்சுல நிக்கி."

எட்டு வருடம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய். திங்கட்கிழமை தவறாமல் வந்தது.

தொண்ணூற்றொன்றில் அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மில் தூசியால் கெட்ட நெஞ்சு இது என்று அங்கே எழுதிவிட்டால், அப்பாவைப் பஞ்சு இல்லாத இடத்துக்கு, வாசல் கேட்டுக்கோ ஸ்டோருக்கோ, மில் மாற்ற வேண்டும். ஆயுளுக்கும் வைத்தியம் அவருடைய பாத்தியதை. எழுதாவிட்டால் மறுபடியும் புளோ ரூம். அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தோம்.

நாலு மணி. அண்ணாச்சி வந்தார்.

"ஏலே பாண்டி, கறியத்தான் விட்டாச்சுல்லா. பொறவும் ஏன் படுத்துருக்க?"

"தெரியலயே அண்ணாச்சி." அப்பாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"நடக்கியா?"

"மில்லுக்கு நடந்துதான போறேன்."

"அது வேலைக்குப் போறது. ஒடம்புக்குன்னு தனியா நடக்கணும்." செத்த நேரம் வார்டைச் சுற்றிப் பார்த்தார். "ஓசி வைத்தியம் இருக்குல்லா, அந்தத் தைரியத்துலதான் அம்புட்டுப் பேரும் வந்து படுத்துருக்கான்."

"ஓசி இல்ல அண்ணாச்சி," என்றாள் அம்மா. "மாசாமாசம் அவிய சம்பளத்துல புடிக்காங்க."

"அது வேற தாயி. நான் பொறுப்பச் சொல்லுதேன்."

பொறுப்பு என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம். காப்பி எத்தனை, ஊறுகாய் உண்டா, குப்புறப் படுப்பதுண்டா, பல் விளக்காமல் தண்ணீர் குடிப்பதுண்டா, மழையில் நனைந்ததுண்டா. ஒவ்வொன்றுக்கும் அப்பா இல்லை என்று தலையாட்டினார். அண்ணாச்சியின் முகம் வாடிக்கொண்டே போனது.

"மறைக்காமச் சொல்லு. பீடி?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

அப்பா பஞ்சுக்கு நடுவில் வேலை பார்த்தவர். தீக்குச்சியைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார். வீட்டில் விளக்கு ஏற்றுவதுகூட அம்மாதான். அவர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இளவட்டத்துல ஒண்ணு ரெண்டு குடிச்சிருப்பேன்," என்றார்.

அண்ணாச்சியின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு முன் வார்டு டியூப்லைட் மங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்.

"டாக்டரய்யா, பீடிப் பழக்கம் உண்டாம். இம்புட்டு நாளா மறைச்சிருக்கான். இப்பத்தான் வாயத் தொறந்தான்."

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேஸ் ஷீட்டில் அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கால்மாட்டில் நின்றேன். தப்பான ரீடிங் பதிவானால் மெஷின் என்ன ஆகும் என்று மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்தவன். டாக்டரிடம் இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணாச்சி போனதும் அம்மா கேட்டாள், "ஏன் இப்படிச் சொன்னிய?"

"பாவம், எம்புட்டு நேரமாக் கேட்டுக்கிட்டுருக்காரு. ரெண்டு பஸ் மாறி வந்த மனுசன வெறுங்கையோடவா அனுப்ப?"

மூன்று மாதம் கழித்து மெடிக்கல் போர்டு கூடியது. மூன்று டாக்டர்கள், நடுவில் அப்பாவின் பைல். புளோ ரூம், இருபத்தாறு வருடம் என்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது. பீடி முதல் பக்கத்தில் இருந்தது. அது பார்க்க வந்தவர் மனம் கோணாமல் இருக்கச் சொன்னது என்று நான் விளக்கினேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"எல்லா வீட்லயும் இப்படித்தான் தம்பி சொல்றாங்க."

சொந்தப் பழக்கத்தால் வந்த நோய் என்று எழுதி சீல் வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அப்பா புளோ ரூமில் இருந்தார். இரண்டு வருடம் இருந்தார். தொண்ணூற்று மூன்று ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, போய்விட்டார்.

துட்டி கேட்க அண்ணாச்சிதான் முதலில் வந்தார். உண்மையாகவே அழுதார். மாலையும் பெரிய மாலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் தணிந்த குரலில், "பீடிதான்," என்றார். அந்த மனிதர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

அண்ணாச்சியைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் இருங்கள். கருத்தப்பாண்டி நிஜமாகவே ஒரு பீடிகூடக் குடித்ததில்லையா, எழுதுகிறவன் மகன் அல்லவா, என்று நடுவில் எங்கேயாவது உங்களுக்கு ஓரமாகத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். வெட்கப்பட வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்துப் பையை முகர்ந்து பார்த்தவன் நான்.

பஞ்சு வாசம்தான் இருந்தது.

உள்பையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.