மாமாவின் காருக்கு நான் போட்ட அறை

நான் போட்ட முதல் பிளானில் ஒரு காரும் இரண்டு மனிதர்களும் சிக்கிக்கொண்டார்கள். அந்த இருவரில் ஒருவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிக்க இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் ஓர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதமும் மேலதிகாரி போட்ட பிளான்களைக் காப்பி எடுத்ததுதான் என் வேலை. (பென்சில் சீவியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆனால் ஊர்ப்பக்கம் போனால் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டுதான் நடப்பேன்.

செங்கோட மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ராசிபுரம் பக்கத்தில் பெரிய பண்ணையம், பங்களா வீடு. அவர் மகள் நல்லம்மாளை எனக்குக் கேட்டிருந்தார்கள். மாமா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய காரை மாமா வாங்கிவிட்டார். காருக்கு ஓர் அறை, அதற்குப் பின்னால், வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் அறை என்று பங்களாவை ஒட்டிக் கட்ட ஆசைப்பட்டார்.

"நீதான் படிச்சிருக்கறயே சாமி, பிளானைப் போட்டுக் குடு. ஊட்டை நீட்டிக் கட்டி முடியட்டும், மத்ததைப் பேசிக்கலாம்" என்றார்.

மத்தது என்றால் நல்லம்மாள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து பிளான் போட்டேன். வடக்கைக் காட்டும் அம்புக்குறிக்கு மட்டும் இரண்டு நாள். அப்படி ஓர் அம்புக்குறியை அந்த ஜில்லாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய சுவரை நம்பாமல் இரண்டு பக்கமும் புதுக் கருங்கல் சுவர் போடச் சொன்னேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு வைக்கலாமே என்று மாமா கேட்டார். பெட்ரோல் வாடை பெரிய மனிதர்கள் மூக்கில் ஏறும் என்று சொல்லி அதையும் தடுத்தேன்.

கொத்தனார் காளியண்ணன் முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். சுவர் இடுப்பளவு எழும்பியபோது என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, கொஞ்சம் ஒடுக்கமாத் தெரியலைங்களா?"

"காகிதத்தில் எத்தனை போட்டிருக்கு?"

"ஒம்பதடிங்க."

"காரின் அகலம் அஞ்சரை அடி. சேலத்திலிருந்து டிரைவரே அளந்து கார்டு போட்டிருக்கிறார். ஒம்பதில் அஞ்சரை போனால்?"

"மூணரைங்க. ஆனா செவுரு..."

"காகிதத்தைப் பாருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் சொல்ல வந்தது இதுதான். நான் ஒவ்வொரு சுவரையும் ஒற்றைக் கோடாகப் போட்டிருந்தேன். கோட்டுக்குக் கனம் கிடையாது. கருங்கல் சுவருக்கு ஒன்றரை அடி உண்டு. ஒன்பதடி வெளி அளவாகிப்போய், இரண்டு சுவரும் சேர்ந்து மூன்றடியை விழுங்கிவிட, உள்ளே மிஞ்சியது ஆறடி. போதாததற்கு, கழுவும் தண்ணீர் வெளியே ஓடவேண்டிய தளத்தின் வாட்டத்தையும் தலைகீழாகக் குறித்திருந்தேன். தரை உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது.

நல்ல நாள் பார்த்துக் காலையில் கார் வந்தது. ஊரே கூடிவிட்டது. டிரைவர் அந்தோணி காக்கி உடுப்பில் முன்னால். மாமா தலையில் பட்டு உருமாலோடு பின்னால். சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. கார் வாட்டத்தில் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசிச் சுவரில் மூக்கை இடித்து நின்றது.

"இஞ்சினை நிறுத்துங்க, கற்பூரம் காட்டணும்" என்றவன் நான்தான்.

கற்பூரம் காட்டினோம், தேங்காய் உடைத்தோம். மாமா இறங்குவதற்காக எல்லோரும் காத்திருந்தோம். கதவு மூன்று அங்குலம் திறந்து 'டக்' என்று சுவரில் முட்டியது. அடுத்த பக்கமும் 'டக்'. மேலே கூரை மூடிய கார்; ஜன்னல் வழியாக இறங்கவும் இடமில்லை.

"ஏஞ்சாமி" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "எறங்கறது எப்படின்னு காயிதத்துல போட்டிருக்கறயா?"

"ஸ்டார்ட் பண்ணணும்னா முன்னாடி போய் ஹேண்டில் சுத்தணும் சார். முன்னாடி போறதுக்கு வழி இல்லையே" என்றார் அந்தோணி.

நான் புது வெள்ளை வேட்டி சட்டையோடு காருக்கடியில் படுத்து, ஊர்ந்து முன்னால் போனேன். ஹேண்டில் நுழைக்கும் ஓட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பி ஊர்ந்து வந்தேன். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து இரண்டு குழந்தைகள் அழுதன.

"கவலை மாட்டைப் பூட்டி இழுத்தரலாமுங்க" என்றார் காளியண்ணன்.

கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் ஜோடி மாடு வந்தது. அந்த மாடுகளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தால் சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். பிறகு அப்படியே பின்னால் நடந்து வந்தால் வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும். பிறந்தது முதல் அவை செய்தது இதைத்தான்.

வடத்தைக் காரின் பின்பக்கம் கட்டினோம். மாடுகள் இழுத்தன. கார் நாலடி வெளியே வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். மாடுகள் நின்றன. பிறகு வழக்கம்போலப் பின்னால் நடந்தன. கார் சரிவில் உருண்டு உள்ளே போய்ச் சுவரில் மோதியது. (பிரேக் இல்லையா என்று கேட்காதீர்கள். ஏற்காட்டு மலைப்பாதையிலேயே அதன் ஆயுள் முடிந்திருந்தது.) மறுபடி இழுத்தன, மறுபடி பின்னால் வந்தன. இப்படி மூன்று முறை மாமாவை இறைத்தோம். மூன்றாவது முறை உருமால் அவர் கண்ணை மூடிவிட்டது. கூட்டத்தில் சிரிக்காதவர்கள் நானும் மாடுகளும்தான்.

அப்போது சமையற்கட்டிலிருந்து நல்லம்மாள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக என்னிடம் வந்து கையில் கொடுத்தாள்.

"மாடு நிக்கறப்ப சக்கரத்துக்கு முன்னால வெய்யுங்க. இதையாச்சும் சரியா வெப்பீங்களா?"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வைத்தேன். மாடுகள் பின்னால் வந்தன, கார் வரவில்லை. அடுத்தடுத்த இழுப்புகளில் முழுக் காரும் வாசலுக்கு வந்துவிட்டது.

மாமா இறங்கினார். சுவரைப் பார்த்தார். தலை முதல் கால் வரை எண்ணெய்க் கறுப்பாக, குழவியைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். சேலத்துக்கு ராசிபுரத்திலிருந்து அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"காளியண்ணா" என்றார் மாமா. "கல்யாணப் பந்தலுக்கு அளவெல்லாம் நீயே எடுத்துக்க. மாப்ளை கையில முழக்கோலைக் குடுத்தராத."

மாப்ளை என்று அவர் சொன்னது என்னைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. எதற்காகச் சம்மதித்தீர்கள் என்று பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். "ஊரே சிரிக்கறப்ப நீ ஓடிப்போவேன்னு பாத்தேன். நீ காருக்கடியில பூந்துட்டே" என்றார். கார் கடைசிவரை வேப்பமரத்தடியில்தான் நின்றது. அறையில் கடலைக்காய் மூட்டை அடுக்கினார்கள். மூட்டைக்குக் கதவு திறக்க வேண்டியதில்லை.

போன மாதம் என் மகன் வீடு கட்டுவதற்காக ஓர் இன்ஜினீயரை அழைத்து வந்தான். அவர் பிளானை மேஜைமேல் விரித்தார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் நல்லம்மாள் கேட்டுவிட்டாள்: "ஏந் தம்பி, இந்த அளவு செவுத்துக்கு உள்ளயா, வெளியயா?"

அவர் அசந்துபோனார். "அம்மாவுக்குப் பிளான் பார்க்கத் தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அவள். "நான் இவரு போட்ட பிளானைப் பாத்தவ."