மஞ்சள் பூசிய வான்படம்

நெடுங்கேணி,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் குகதாசன் அவர்களுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் உங்கள் தங்கச்சி இரஞ்சிதத்தின் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மச்சான், ஒரு பெரும் பிழை விட்டுவிட்டேன். புதுக்குடியிருப்பு மாப்பிள்ளை வீட்டில் கொடுக்கச் சொல்லிப் போன கிழமை உங்களிடம் தந்த உறைக்குள் இருந்தது என் மகள் லக்சிகாவின் சாதகக் குறிப்பு அல்ல, ஜெர்மனியில் அவள் செய்யும் ஆராய்ச்சியின் படம். அயலட்டைச் சனத்துக்குக் காட்டலாமென்று கடையில் அச்சடித்து வைத்திருந்தேன். அதுவும் சதுரம், அதிலும் கட்டம், ஓரமெல்லாம் இலக்கம். மூக்குக்கண்ணாடி போடாமல் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத் தந்துவிட்டேன். இன்று அலுமாரியைத் திறந்தால் குறிப்பு அங்கேயே கிடக்கிறது.

அது என்ன படமென்று அவர்கள் கேட்டால் நீங்கள் முழிக்கக் கூடாது, பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வானத்திலிருந்து காமாக் கதிர் வருகிறதாம். எல்லாப் பக்கமும் தூறல் மாதிரி விழுவதால், மங்கலான ஒன்றிலிருந்து வருவதை எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாதாம். இவள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெள்ளைத் திட்டுகளின் பரப்பு, சுற்றளவு, திட்டு எத்தனை, நடுவில் ஓட்டை எத்தனை என்று அளந்து, படத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறாள். சும்மா சிதறியதில் வராத உருவம் தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. "எண்ணிப் பாத்தாத் தெரியாதப்பா, வடிவத்தைப் பாத்தாத்தான் பிடிபடும்" என்றாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, பெருமை முழுதாக வந்தது.

ஆனால் அவர்களுக்குக் குறிப்புப் பார்க்கும் சாத்திரியார் அந்தத் திட்டுகளுக்குள் ஏழாம் வீட்டைத் தேடினால் நான் எங்கே போவேன்? ஏழில் செவ்வாய் என்று ஏற்கெனவே மூன்று சம்பந்தம் குழம்பிவிட்டது. முப்பத்திரண்டு வயது. படிப்பு முடிந்து தையில் ஊருக்கு வருகிறாள். ஒவ்வொரு முறையும் "பரவாயில்லையப்பா" என்று அவள் சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வருகிறது. இந்தச் சம்பந்தத்தைத் தகப்பனே கெடுத்தான் என்றால் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகையால் உண்மையான குறிப்பை இத்துடன் வைக்கிறேன். முதல் பஸ்ஸிலேயே போய், மன்னிப்புக் கேட்டு, மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் என்றும் குறையாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மச்சான் பாலன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளை சுகிர்தனே ஃபோன் எடுத்தார். கணித ஆசிரியர் அல்லவா! "அங்கிள், இந்தப் படத்தில ஓட்டையளை அவா எப்பிடி எண்ணினவா? சாத்திரியாரிட்டக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். லக்சிகாவின் ஃபோன் இலக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலமாகக் கதைக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. குறிப்பை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், நீங்கள் எங்கும் போக வேண்டாம். அவருடைய தாயார் கேட்டால் குறிப்பைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்லுங்கள். இரஞ்சிதத்திடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.