மஞ்சக் கோட்டு ரெக்கார்டு

ரெக்கார்டு சுற்றியது. ஊசி ஏறி ஏறி இறங்கியது. பாடகன் சுற்றுக்கு ஒரு தடவை தண்ணீரில் முங்கி எழுந்து பாடினான்.

"என்னங்க, இவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் குனிந்து ரெக்கார்டைப் பக்கவாட்டில் பார்த்தார். ஒரு ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் பார்த்து மலைக்கட்டுமே என்று நேற்று அதைக் கடை முகப்பில் சாய்த்து வைத்தவர் அவரேதான். அங்கே வெயில் சுளீரென்று அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கறுப்புக் கண்ணாடிகளை அங்கே அடுக்கியிருப்பதே அதற்காகத்தான்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்றார்.

சொந்த ரெக்கார்டாக இருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். இது ஆடிட்டரின் ரெக்கார்டு. இன்றைக்குச் சாயங்காலம் ஆடிட்டர் வீட்டுக் கூட்டத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடைக்காரர், ஆடிட்டர், பல் டாக்டர் என்று மூன்றே பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, எண்பதுகளில் வாங்கிய பாப் ரெக்கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, எதை எந்தக் கடையில் என்ன பாடுபட்டு வாங்கினோம் என்று பேசுவார்கள். பாட்டு கொஞ்சம், பேச்சுதான் அதிகம். "அந்தக் கடைக்காரன் அட்டையை ஒரு தடவை மோந்து பாத்துட்டுத்தான்யா கையில குடுப்பான்" என்று பல் டாக்டர் ஆரம்பித்தால் மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு தாங்களும் மோந்து பார்ப்பார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மற்ற நாளெல்லாம் "மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க" என்றே போய்விடுகிறது.

அந்த மூன்று பேருக்கும் உயிர், மஞ்சக் கோட்டு. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட நான்கு பேர் அட்டையில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடிக் கடைக்காரரிடமும் ஒரு காலத்தில் ஒன்று இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது. அந்த நாளில் வாங்கிய ரெக்கார்டு அத்தனையிலும் அட்டை மூலையில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு வைப்பார். கல்யாணமாகி வீடு மாற்றிய அன்று மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது, மஞ்சக் கோட்டு மட்டும் வரவில்லை. சாமான் ஏற்றி இறக்கியவன் மனைவியின் தம்பி. ஒத்தாசைக்கு வந்த ஆடிட்டர்தான் முதலில் அவரைத் தனியே கூப்பிட்டுக் காதைக் கடித்தார்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பான்யா உன் மச்சான். மச்சான்களை நம்பவே கூடாது."

"நான் எடுக்கலை மாமா, சத்தியமா எடுக்கலை" என்று அவன் அன்றைக்குச் சொன்னதோடு சரி. அதற்கப்புறம் அவனோடு அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பிறகு ஆடிட்டருக்கு எங்கிருந்தோ ஒரு மஞ்சக் கோட்டு கிடைத்தது. "உன் துக்கத்தைப் பாக்க முடியாமத்தான்யா நான் ஒண்ணு தேடி அலைஞ்சேன்" என்பார். மூன்று பஸ் மாறிப் போனாராம். மூடின கடையைத் தட்டித் திறக்க வைத்தாராம். மழையில் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். ஆரம்பத்தில் அது வெறும் தூறல். வருஷங்கள் ஓட ஓட மழை வலுத்து, போன மாதம் முழங்கால் அளவு வெள்ளமாகிவிட்டது. கேட்டால் தொட்டுப் பார்க்கலாம், இரவல் மட்டும் பேசக்கூடாது.

போன மாதம் பல் டாக்டர்தான் ஆடிட்டரை முகத்துக்கு நேராகக் கஞ்சன் என்று சொல்லிவிட்டார். "ஒரு மாசம் குடுத்தா தேஞ்சா போயிடும்?" என்றார். உள்ளேயிருந்து ஆடிட்டரின் மனைவி, "குடுத்துத் தொலைங்களேன், இப்பவாவது!" என்று சத்தம் போட்டாள். ஆடிட்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அது தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கண்ணாடிக் கடைக்காரர் ரெக்கார்டோடு கீழே கடைக்கு இறங்கினார். கோணின பிளாஸ்டிக் பிரேமை நிமிர்த்துவதற்கு அங்கே ஒரு சூட்டு மெஷின் உண்டு. அது ஊதும் சூடான காற்றில் பிரேமைக் காட்டி, இளகினதும் விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் சொன்ன பேச்சைக் கேட்கும். எத்தனையோ பேர் உட்கார்ந்து நசுக்கின பிரேம்களை அவர் மீட்டுக் கொடுத்திருக்கிறார்.

"பிளாஸ்டிக்தானே, எங்க போயிடும்?" என்று தைரியம் சொல்லிக்கொண்டார்.

தூக்கின ஓரத்தைக் காட்டினார். அது சாதுவாக இறங்கியது. எதிர் ஓரம் எழுந்தது. அதை அடக்கினார். நடு உப்பியது. நடுவைக் கட்டைவிரலால் அழுத்தினார். அடுத்த நிமிஷம் அவர் கையில் இருந்தது ரெக்கார்டு இல்லை, கிண்ணம்.

"நல்லாத்தானே இருக்கு, துளசி வைக்கலாம். அடியில ஓட்டைகூட இருக்கு" என்றாள் மனைவி. வேடிக்கை பார்க்க அவளும் இறங்கி வந்திருந்தாள்.

"வாயை மூடுடி."

கிண்ணத்தை மேஜையில் கவிழ்த்து, மேலே ஒரு கனமான நிலைக்கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன் மேல் கைகளை ஊன்றி அமுக்கினார். படக் என்று ஒரு சத்தம். உடைந்தது கண்ணாடியாக இருக்க வேண்டுமே என்று மனம் உருகி வேண்டிக்கொண்டார். கண்ணாடி முழுசாக இருந்தது.

அந்தப் பதற்றத்தில் இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டிருந்தார். மஞ்சக் கோட்டு அட்டையை மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தார். அட்டை மூலையில் ஆடிட்டர் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். 'அழகுக்கு' என்று சொல்லுவார். சூட்டில் அந்த ரோஜா ஒரு பக்கம் உரிந்து தொங்கியது.

"ஐயோ, இதையும் கண்டுபிடிச்சுடுவானே!"

வழிந்த வேர்வையில் மூக்குக் கண்ணாடி மங்கியிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, பிரேம் ஒட்டுகிற பசையை ரோஜாவுக்கு அடியில் தாராளமாகப் பிதுக்கி, தடவித் தடவி அழுத்தினார். ரோஜா ஜென்மத்துக்கும் வராதபடி ஒட்டிக்கொண்டது. கூடவே அவர் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டது.

மனைவி போனை எடுத்தாள்.

"யாருக்குடி?"

"என் தம்பிக்கு. வேற எவன் வருவான் உங்களுக்கு?"

வந்துவிட்டான். வீட்டுச் சாமான் மாற்றிக் கொடுக்கும் தொழில்தான் இப்போதும் அவனுக்கு. வேனை நிறுத்திவிட்டு, மாமாவின் விரலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பதமாகப் பிரித்தான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச பழைய சாமான் கடை ஒண்ணு இருக்கு மாமா. ரெக்கார்டெல்லாம் குவிஞ்சு கெடக்கும். வாங்க."

குவிந்துதான் கிடந்தது. மஞ்சக் கோட்டு மட்டும் இல்லை. மஞ்சக் கோட்டு ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டம் ஆழ்ந்த நீலம். அதே நீலத்தில் வட்டம் போட்ட ஒரு ரெக்கார்டை மச்சான் எங்கிருந்தோ இழுத்து எடுத்தான். எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.

"இதுல என்ன பாட்டுங்க இருக்கு?" என்று கடைக்காரனைக் கேட்டார்.

"சத்தம் வரும் சார். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"உள்ள வச்சுக் குடுத்துடுங்க மாமா. அவர் எங்க போட்டுக் கேக்கப்போறாரு? பேசத்தானே போறீங்க" என்றான் மச்சான்.

அது நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலம் மச்சானையும் கூட்டிக்கொண்டே ஆடிட்டர் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகக் கால் வரவில்லை.

மச்சானைக் கண்டதும் ஆடிட்டர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் அட்டையை வாங்கிப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. முதலில் ரோஜாவைத்தான் தடவிப் பார்த்தார்.

"பத்திரமா வச்சிருந்தியே, பரவாயில்லை" என்றார். அந்தச் சந்தோஷத்தில் மழைக் கதையை ஆரம்பித்தார். இந்தத் தடவை வெள்ளத்தில் படகு வந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் மூச்சு விட்டார். "நேரமாச்சு, கிளம்பட்டுமா?"

"இருய்யா. இன்னிக்குப் போட்டே கேட்டுடுவோம்" என்றார் பல் டாக்டர்.

"வேண்டாம்! பேசினாலே போதுமே. மனசுக்குள்ளயே கேக்குதே!"

"அதெல்லாம் முடியாது. ஒரு பக்கமாவது" என்று ஆடிட்டர் தானே எழுந்து போய் ஊசியை வைத்தார். பல் டாக்டர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

கரகரவென்று ஒரு ஆண் குரல் வந்தது. "கால்களை அகட்டி வைத்துக்கொள்ளவும். ஒன்று. இரண்டு. இடுப்பை வலப்பக்கம் திருப்பவும்."

"என்ன ஒரு குரல்!" என்றார் பல் டாக்டர், கண்ணைத் திறக்காமலே. "கேசட்டுல இந்தக் கனம் வராதுய்யா."

"மூன்று. நான்கு. மூச்சை வெளியே விடவும்."

ஆடிட்டர் ஊசியைத் தூக்கினார். "என்னய்யா இது?"

கண்ணாடிக் கடைக்காரர் தோள்பைக்குள் கையை விட்டு, கிண்ணத்தின் இரண்டு துண்டுகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "மன்னிச்சுடுய்யா. வெயில்ல..."

அவர் முடிக்கும் முன் மச்சான் குறுக்கே வந்தான். "மாமா மேல தப்பில்லை சார். நான்தான் வேன்ல வெயில்ல விட்டுட்டேன்."

"அதானே பாத்தேன்!" ஆடிட்டர் குதித்தார். "அன்னிக்கு உங்க மாமாவோடதைத் தொலைச்சே, இன்னிக்கு என்னோடதா? வெள்ளத்துல நீந்திக் கொண்டாந்த பொருள்டா அது! யோவ், இனிமே நீ இந்த வாசப்படி மிதிக்காதே. கூட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். செருப்பைத் தேடினார். போகிற போக்கில் மச்சான் தோளில் கையை வைத்தார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் வைக்கிறார்.

டீத் தட்டோடு வந்த ஆடிட்டரின் மனைவி அதை ணங்கென்று மேஜையில் வைத்தாள்.

"நில்லுங்கண்ணா, அந்த ரோஜாவை உரிச்சுப் பாத்துட்டுப் போங்க. நீங்க வீடு மாத்தின அன்னிக்கு, 'ஒரு தடவை கேட்டுட்டு நாளைக்கே குடுத்துடறேன்'னு உங்க பெட்டியிலேருந்து இவர் தூக்கிட்டு வந்தது அது, அடியில உங்க கையெழுத்து இருக்கும்!"