என் மனைவியின் கடைசி வார்த்தைக்கு மச்சான் சொன்ன விளக்கவுரை

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

கல்லூரியில் சுவிசேஷங்களைக் கூறுபோட்டுப் பாடம் நடத்தும் தங்களுக்கு, லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்ற உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் நலமாயிருக்க ஜெபிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை.

உங்கள் தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்து கைகால்கூடக் கழுவவில்லை, அவள் கடைசியாகச் சொன்னதைக் கல்லறைக் கல்லில் பொறிக்கலாம் என்று மூத்தவள் ஆரம்பித்தாள். "அப்பாவைப் பாத்துக்கோன்னாங்க" என்றாள். அவள் கண்மூடிய அன்றைக்கு வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த சின்னவன் போனிலிருந்தே, "இல்ல, ஒத்துமையா இருங்கன்னாங்க" என்றான். என் காதில் விழுந்தது "சாப்பிட்டீங்களா". அதன்பின் துணி மாற்றணும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள், திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த அந்த நர்ஸாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? "இவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லு சிஸ்டர்னு அம்மாதான் காதோட சொன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல" என்று போட்டு உடைத்தாள்.

உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்களே, அடடா! சிலுவையில் ஆண்டவர் கடைசியாகச் சொன்னதையே சுவிசேஷக்காரர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை, மாற்கில் கைவிடப்பட்டவரின் கதறல், லூக்காவில் சாந்தமான ஜெபம், யோவானில் வேலையை முடித்தவரின் நிம்மதி என்றீர்கள். சரி. "சங்கடமான விஷயத்தை யாரும் இட்டுக்கட்ட மாட்டாங்க, அதனால அதுதான் பழசு, அசல்" என்றீர்கள். அதுவும் சரி, ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். அதை ஏன் என் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தீர்கள்? மூத்தவள் சொன்னது பாசத்தில் பின்னால் சேர்த்ததாம். வேதத்தில் எங்கே ஒற்றுமையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதை எழுதியவன் காலத்தில் சண்டை நடந்திருக்கணுமாம், அதற்குத் தோதாக அக்காவும் போனில் இருந்த தம்பியும் அம்மாவின் வளையலுக்கு அங்கேயே சண்டை பிடித்தார்கள். நான் சொன்னது வெறும் ஏக்கமாம். "நர்ஸுக்கு இதுல என்ன லாபம்? அவங்க சொன்னதுதான் நிஜம்" என்று தீர்ப்பும் கொடுத்தீர்கள். வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் காப்பியைத் தொடாமலே கிளம்பினார்.

அதோடு விட்டீர்களா? வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கிவிட்டீர்களாம். "பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க அங்கிள்" என்று உங்கள் மாணவன் ஒருவன் சபை வாசலில் என்னிடமே சொல்கிறான். வயிறு எரிகிறது மச்சான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனைத் துரத்திவிட்டுத்தான் அவள் செத்தாள் என்று நீங்கள் ஊருக்கு நிரூபிக்கணுமா? மரியாதையாக அழித்துவிடுங்கள். கல்லில் "சாப்பிட்டீங்களா" என்றுதான் போடப் போகிறேன்.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, அவருக்கும் உங்கள் மேல் கோபம் இல்லையென்றால்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் கல் வெட்டுகிறவர் வந்துவிட்டார். எழுதிக் கொடுக்கக் கை ஓடவில்லை. "சாப்பிட்டீங்களா" அவள் தினமும் கேட்டது, அன்றைக்குக் கேட்டாளா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் மூத்தவள் பிறந்தபோதும் சின்னவன் பிறந்தபோதும், "இவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க" என்றுதான் நர்ஸிடம் சொன்னாள். வலியில் துடிக்கிற முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது அவளுக்கு. பெயர் மட்டும் போதும் என்று அவரை அனுப்பிவிட்டேன். கரும்பலகையில் இருப்பது இருக்கட்டும் மச்சான், அதுதான் அவள் பேச்சு. அவளுக்கு அவ்வளவு வலித்திருக்கிறது, நான் கேன்டீனில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.