குழாய் வழியாக வெளிநாடு போன மீன்கள்

"எண்ணிப்போட்டுத்தான் சொல்லுறன் ஐயா. நேற்றுப் பின்னேரம் அறுபது மணலை மீன். இண்டைக்கு விடிய முப்பத்தொண்டு."

"நீர் எண்ணினது பிழை. மீன் ஓடித்திரியிற சாமான்."

"ஓடித்திரிஞ்சாலும் தொட்டிக்குள்ளதானே ஓடவேணும்? அந்த நாலு நீர்க்காகமும் திண்டுபோட்டுதுகள் ஐயா. பாருங்கோ, பறக்க ஏலாமல் குந்திக்கொண்டிருக்குதுகள்."

"கதிரவேல், 'திண்டது' எண்ட சொல்லை இந்த வளவுக்குள்ள பாவிக்கக் கூடாது. இது நல்லிணக்க வளவு," என்றார் இணைப்பாளர் தவராசா.

புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடித்த நல்லாட்சிகளைப் பற்றிப் பழைய கதைகள் உண்டு. (அந்த உவமையைத் திருகோணமலையில் சத்தமாகச் சொல்வது அப்போது உடம்புக்கு நல்லதல்ல.) ஆனால் தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே தண்ணீருக்குள் குடிவைத்து, அதற்குப் பெயர்ப்பலகையும் மாட்டிய பெருமை, 2006ஆம் ஆண்டில் துறைமுகத்தை ஒட்டியிருந்த 'பல்லினச் சகவாழ்வு நீர்க்காட்சியக'த்துக்கே உரியது.

பழைய சீமெந்துத் தொட்டி ஒன்றுதான் காட்சியகம். காசு வெளிநாட்டுக் காசு. மீன்களும் மற்ற உயிரினங்களும் ஒன்றாக வாழ்வதைப் பார்த்தால் சனமும் அப்படியே வாழப் பழகிக்கொள்ளும் என்பது திட்டம். குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சம்பூரிலிருந்து மூட்டை முடிச்சோடு ஓடி வந்தவர்களுக்கு நுழைவு இலவசம்.

திட்டத்தின் இணைப்பாளர் தவராசா சாதாரண ஆள் அல்ல. அதற்கு முன் மூன்று வருடம் ஒரு காரியாலயத்தில், காணாமல்போனவர்கள் பற்றிய முறைப்பாடுகளைப் பார்த்தவர். அவர் கதிரையில் இருந்த காலத்தில் ஒரு கோவைகூடத் திறந்து கிடந்ததில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டார். அந்தத் திறமைக்காகவே இந்தப் பதவி.

தொட்டியைப் பார்த்துக்கொண்ட கதிரவேல் சல்லிக் கடற்கரை ஆள். கடலுக்குப் போகத் தடை என்பதால், மீனைக் கண்ணால் காண்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி இந்த வேலை. ஆனால் அவர் இங்கே வந்ததற்கு மீன் காரணமல்ல. அவருடைய தம்பி முத்தன் பங்குனி மாதம் பிள்ளைக்குப் பால்மா வாங்கச் சைக்கிளில் ரவுணுக்குப் போனவன். மூன்றாவது காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்தான். அட்டையும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் வேலியில் சாத்தியபடி நின்றது. முத்தன் வெளிநாடு போய்விட்டதாகப் பிறகு அந்தக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவனிடம் கடவுச்சீட்டு இல்லை. இடுப்பில் உடுக்க நல்ல சாரம்கூட ஒன்றுதான் இருந்தது.

அந்தக் கோவையை மூடியவர் தவராசா. திறக்கக்கூடியவரும் அவர்தான்.

"பாப்பம் கதிரவேல். முதல்ல இந்த மாதாந்த அறிக்கையில சாட்சிக் கையெழுத்தை வையும்."

இரண்டு மாதம் வைத்தார். "கோவை திறந்தாச்சோ அத்தான்?" என்று முத்தன் மனைவி சிவக்கொழுந்து கிழமைக்கு ஒருமுறை கேட்பாள். "வாற கிழமை" என்பார்.

இதற்கிடையில் மீன் குறைவது பற்றி ஆராய அவசரக் கூட்டம் கூடியது. குழுவில் ஏழு பேர். எட்டாவதாகக் கதிரவேல், தேத்தண்ணி கொடுக்க.

"மீன்களுக்குப் பாதுகாப்பு உணர்வு குறைஞ்சிருக்கு," என்றார் தவராசா.

"நீர்க்காகத்தைப் பிடிச்சு வெளியில விட்டால் சரிதானே ஐயா," என்றார் கதிரவேல் தட்டத்தைப் பிடித்தபடி.

"ஒரு தரப்பை வெளியேத்தினால் அது சகவாழ்வோ? பாதுகாப்பைத்தான் பலப்படுத்த வேணும்."

தேத்தண்ணியோடு வைத்த பற்றிஸைத் தின்று முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறியது: ஒரு முதலை.

"முதலை மீனோட ஒத்துப்போகுமோ?" என்று ஒரு உறுப்பினர் சந்தேகம் எழுப்பினார்.

"குளத்தில பன்னிரண்டு வருசம் மீனோடதான் இருந்தது. ஒரு முறைப்பாடு வரேல்ல."

"முறைப்பாடு செய்யிறதுக்கு ஆரும் மிஞ்சினதோ?" என்றார் கதிரவேல்.

"அதுதான் சொல்லுறன். ஒருத்தரும் இல்லை."

முதலை வந்தது. 'பாதுகாப்புப் பங்காளர்' என்று அதற்கும் ஒரு பலகை மாட்டினார்கள். பத்தே நாளில் தொட்டியில் பூரண அமைதி நிலவியது. நீர்க்காகம் மீனைத் துரத்தவில்லை, ஏனென்றால் நீர்க்காகம் இல்லை. மீன் பயந்து ஓடவில்லை, ஏனென்றால் மீனும் இல்லை. அந்த மாவட்டத்தில் அந்த வருடம் சமாதானம் முழுமையாக வந்த இடம் அது ஒன்றுதான்.

இதை மதிப்பிட, காசு கொடுத்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். முதலை வெளிப்படைத்தன்மையின் அடையாளமாக வாயைத் திறந்தபடி படுத்திருந்தது.

"மீன்கள் எங்கே?" என்று அவர் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"வெளிநாடு போட்டுதுகள்," என்றார் தவராசா. தொட்டியின் அடியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கழிவுக்குழாய் இருந்தது. அதைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். "குழாய்க்கு அங்கால துறைமுகம். துறைமுகத்துக்கு அங்கால பெருங்கடல். பெருங்கடலுக்கு அங்கால வெளிநாடு. நீர்க்காகத்துக்குச் சிறகு இருக்கு, விளக்கமே தேவையில்லை."

பெண்மணி குறிப்பெடுத்தார். தான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அந்தக் குழாய் சேறு அடைத்துக் கிடக்கிறது என்பது கதிரவேலுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கோவை திறக்கவேண்டுமே.

"இதுதான் கடைசிக் கையெழுத்து," என்று தவராசா காதுக்குள் சொன்னார். "நாளைக்கே முத்தன்ர கோவையைத் திறக்கிறன்."

அறிக்கையை நீட்டியவள் ஜெமீலா. கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி, கடலைக் கடந்து வந்து தட்டச்சு அடிக்கிறவள். தாளைக் கொடுத்தவள் விரலை எடுக்கவில்லை.

"அண்ணன், வாசிச்சிப்போட்டு வையுங்க," என்றாள் மெல்ல. "இது ஐயா முந்தி வேல செஞ்ச கந்தோரில இரிந்து கொண்டு வந்த கடுதாசி. பேர் இரிக்கிற இடத்த மட்டும் மாத்தித் தருவார். நான் அடிப்பன். சொல்லாம இரிக்க ஏலாம சொல்றன்."

கதிரவேல் சேட்டுப் பையிலிருந்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த, முத்தனைப் பற்றி வந்த கடிதத்தை எடுத்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

'மேற்படி முத்தன் சுயவிருப்பின் பேரில் வெளிநாடு சென்றிருக்கலாம் எனக் கருதப்படுவதால் கோவை இத்துடன் மூடப்படுகிறது.'

'மேற்படி மீன்கள் சுயவிருப்பின் பேரில் வெளிநாடு சென்றிருக்கலாம் எனக் கருதப்படுவதால் கோவை இத்துடன் மூடப்படுகிறது.'

"ஐயா, மீனுக்கும் என்ர தம்பிக்கும் ஒரே வசனமோ?"

"அதில என்ன பிழை?" தவராசாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "ஆளுக்கு ஒரு வசனம், மீனுக்கு ஒரு வசனம் எண்டு எழுதினால் அது பாகுபாடு. எங்களுக்கு எல்லாரும் சமம்."

கதிரவேல் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"சரி ஐயா. மீன் போன குழாயைக் காட்டிப்போட்டியள். முத்தன் போன குழாய் எங்க இருக்கு?"

தவராசா முதலையைப் பார்த்தார். பெண்மணி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

"தண்ணி வசதியைப் பற்றிக் கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

திட்டம் 'மிகச் சிறப்பு' என்று தரப்படுத்தப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் பெரிய தொட்டி. தவராசாவுக்குப் பதவி உயர்வு, முதலைக்குச் சேவை நீடிப்பு. கதிரவேலுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. சாட்சிக் கையெழுத்து இருக்கவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. முத்தனின் கோவையும் மூடித்தான் கிடக்கிறது.

இதை வாசிப்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். காரியாலயத்தின் கணக்குப்படி முத்தனும் அங்கேதான் இருக்கிறான். போகும்போது முப்பத்திரண்டு வயது. இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு. நீலக் கோட்டுச் சாரம். கையில் பால்மா வாங்க வைத்திருந்த காசு. சைக்கிளுக்குச் சிவக்கொழுந்து இன்னமும் காற்றடித்து வைக்கிறாள்.

ரயில் நிலையத்திலோ, கோயில் திருவிழாவிலோ, தமிழ்க் கடையிலோ அவனைக் கண்டவர்கள் கீழே பதில் எழுதுங்கள். மீன்களைக் கண்டதாக யாரும் எழுத வேண்டாம். அவற்றைத் தின்றது யார் என்று எங்களுக்குத் தெரியும்.