இலிஷும் இளிச்சவாயனும்

"இந்த ஞாயித்துக்கிழமை கடுகு இலிஷ் சமைக்கப்போறது நான்தான்!" என்று சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்துச் சொன்னேன். அடித்த வேகத்தில் பருப்புக் கிண்ணம் கவிழ்ந்தது.

என் மனைவி கேதகியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். கடுகுகூட வெடிக்கவில்லை. நிதானமாகத் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

மழைக்காலம் வந்து கல்கத்தா சந்தைகளில் இலிஷ் மீன் பளபளக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் சண்டையும் தொடங்கிவிடும். அவள் பாவம், வியர்க்க விறுவிறுக்கச் சமைத்து வைப்பாள். நான் இரண்டு துண்டு தின்றுவிட்டு, மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா கைப்பக்குவம் வராது" என்பேன்.

வேறென்ன செய்ய? பர்த்வானில் எங்கள் பழைய வீட்டில் நான் வளர்ந்த விதம் அப்படி. வெளியே மழை கொட்டும். அடுப்படிக் கதவு சாத்தியிருக்கும். இடுக்கு வழியாகக் கடுகின் காரம் வந்து மூக்கைக் கிள்ளும். அண்ணனும் நானும் தட்டோடு தவம் கிடப்போம். கதவு திறக்கும். மஞ்சள் குழம்பில் மீன் மிதக்க, அம்மா அம்பாள் மாதிரி வருவாள். முள்ளை உருவி, சோற்றோடு பிசைந்து உருட்டி எங்கள் வாயில் வைப்பாள். மீன் முட்டைக்காக நானும் அண்ணனும் தலைமுடியைப் பிடித்துக்கொள்வோம். இன்று என் தலை இப்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"சரி, சமைங்க" என்றாள் கேதகி. "ஆனா ஒரு பந்தயம். உங்களுக்கு அந்த ருசி வரலைன்னா, இனிமே சாப்பாட்டு மேஜையில அம்மா பேச்சே வரக்கூடாது."

"வந்துட்டா?"

"நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன். அப்புறம் இந்த வீட்டுல இலிஷை நான் தொடவே மாட்டேன். எல்லாம் உங்க கைதான்."

இவ்வளவு பெரிய சரணாகதியை யார் வேண்டாம் என்பார்கள்? கை குலுக்கினேன்.

ஞாயிறு காலை சந்தைக்குப் போனேன். ஒவ்வொரு மீனாகக் கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கினேன்.

"பாபு, மீன் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்றார் மீன்காரர்.

வெட்டி வாங்கி வந்து களத்தில் இறங்கினேன். கடுகை மிக்ஸியில் கொட்டி, அது கதறும்வரை அரைத்தேன். அப்புறம் நான் கதறினேன். கண்ணில் ஆறு ஓடியது. விழுதைத் தொட்டு நாக்கில் வைத்தால், வேப்பங்கொழுந்து தோற்றது.

கேதகி பால்கனியில் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அழறீங்களா?"

"கடுகு!"

"நான் அழுதப்போ வெங்காயம்னு நெனச்சீங்களே, அது மாதிரியா?"

இலிஷை விட இவள் பேச்சில்தான் முள் அதிகம். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, சிலிகுரியில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மா, கடுகு கசக்குது!"

"எதுக்குடா பிஷு கடுகைத் தின்னே?"

"இலிஷ் பண்றேம்மா! நீ எப்படி அரைப்பே?"

"நானா? நான் எங்கடா அரைச்சேன்? கடுகு நெடி பட்டாலே எனக்கு மூச்சு முட்டும். உங்கப்பால்ல பண்ணுவார்!"

பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பாவா?"

"ஊருக்குத் தெரிஞ்சா தலைமை ஆசிரியர் மானம் போயிடுமாம். கதவைச் சாத்திக்கிட்டு, இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு நிப்பார். நான் எடுத்துட்டு வந்து பரிமாறுவேன், அவ்வளவுதான்."

"நாங்க உன்னைக் கட்டிக்கிட்டுக் கொஞ்சினப்போ சொல்லலையே!"

"பிள்ளைங்க கொஞ்சினா எந்த அம்மாடா வேணாம்பா?"

அப்பா எதிரில் நாங்கள் தும்மக்கூட மாட்டோம். நாங்கள் அம்மாவைப் புகழ்ந்ததையெல்லாம் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, தலை குனிந்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். மீசைக்குள் சிரித்திருப்பாரோ? கண்ணை மறுபடி துடைத்துக்கொண்டேன். கடுகு நெடிதான்.

"கேளு, வாசப்படியில நின்னு பாத்திருக்கேன்" என்றாள் அம்மா. "கடுகை ஊற வெச்சு, பச்சமிளகா, உப்பு போட்டு அரைப்பார். ரொம்ப அரைச்சா கசக்கும். மீனை வறுக்காதே. இறக்கும்போது பச்சைக் கடுகெண்ணெயை மேல விட்டு மூடிடு."

"மா, அப்பா விஷயம் கேதகிக்குத் தெரியவே கூடாது."

"சேச்சே, இனிமே நான் எதுக்குடா சொல்லப்போறேன்?"

நிம்மதியாக வெளியே வந்து, மறுபடி கடுகை ஊறவைத்து அரைத்தேன். அம்மா சொன்னபடியே செய்தேன். மூடியைத் திறந்ததும் பர்த்வான் அடுப்படியே எங்கள் ஃப்ளாட்டுக்குள் வந்து நின்றது.

கேதகி ஒரு துண்டு சாப்பிட்டாள். இன்னொன்று எடுத்தாள். குழம்பை வழித்துச் சோற்றில் விட்டுக்கொண்டாள். கடைசியில் விரலை நக்கிக்கொண்டே, "ஒத்துக்கறேன், நான் தோத்துட்டேன்" என்றாள்.

"எங்கம்மா கைப்பக்குவம்னா சும்மாவா?"

"இந்த மழைக்காலம் பூரா இனிமே நீங்கதான்."

ராஜா மாதிரி போய் சோபாவில் சாய்ந்தேன். கண் சொக்கும் நேரம், அடுப்படியிலிருந்து தேன் குரல் வந்தது.

"ஏங்க, உங்கப்பா சமைச்ச கையோட பாத்திரத்தையும் அவரே தேய்ச்சு வெச்சுடுவாராமே? கல்யாணமான புதுசுலயே அத்தை சொன்னாங்க!"