செவ்வாய்க்குப் போன பெண்ணின் தகப்பனார் எழுதுவது

மல்லேஸ்வரம், பெங்களூர்
1961 ஜூலை, திங்கட்கிழமை

சிரஞ்சீவி அனந்தபத்மநாபனுக்கு மாமா சீனிவாசராகவன் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் பெருமாள் கிருபையில் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. உன் மாமி ஜெயலக்ஷ்மி சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கு ரத்தக் கொதிப்பு, எங்கள் பெண் அலர்மேல்மங்கை மட்டும் எப்போதும்போல் இருக்கிறாள். மதராஸில் நீயும் உன் அம்மா கோமளமும் க்ஷேமமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன, நெருப்பு வைத்தவன் தூரத்தில்தானே இருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நீ பெரிய விஞ்ஞானக் கதாசிரியன். ரஷ்யாக்காரன் மனுஷனை ஆகாசத்துக்கு அனுப்பினதிலிருந்து உன் பெயர் இல்லாத பத்திரிகை இல்லை. சந்தோஷம். ஆனால் எங்காத்தில் தங்கிக் காலேஜ் படித்த நாளில் நீ எழுதின முதல் கதை, அந்த ‘செவ்வாய்க்குப் போன மங்கை’, அதை ஒரு பத்திரிகையில் மறுபடி அச்சுப் போட்டு, கீழே ‘வாசகர் அபிப்பிராயம் வரவேற்கப்படுகிறது’ என்று போடவும் சம்மதித்தாயே, உனக்கு எதிலே குறை வைத்தோம்? மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, அங்கே குடியிருக்கிற வாலிப விஞ்ஞானி தொட்டிக்குப் பின்னால் ராக்கெட் கட்டுகிறான், காய்ந்த வடாம் எடுக்க மாடிக்கு வந்த வீட்டுக்காரர் பெண் மங்கையை அதில் ஏற்றிக்கொண்டு செவ்வாய் கிரகத்துக்குப் போய்விடுகிறான். வேறு பெயரே கிடைக்கவில்லையா உனக்கு? வீட்டுக்காரருக்குத் தொந்தி பெரிசு, புத்தி சின்னது என்று வேறு எழுதியிருக்கிறாய். அதை நான் மன்னித்துவிட்டேன். வடாமைக் காக்காய் கொத்திக்கொண்டு போனதாக எழுதினதை உன் மாமி இன்னும் மன்னிக்கவில்லை.

அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன. தும்கூரிலிருந்து ஒருத்தர், செவ்வாயில் காற்றே கிடையாதே, மங்கை தலையில் மல்லிகை எப்படி வாடாமல் இருந்தது என்று கேட்டார். சரி, விஞ்ஞானம். பிரேசர் டவுன் ஓஸ்வால்ட் என்பவர், தாம் ரயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்றும், கதை முழுக்கத் தேடியும் அந்த ராக்கெட்டுக்குப் பிரேக்கைக் காணோம் என்றும் எழுதினார். அதுவும் நியாயம். ஷிமோகாவிலிருந்து ஒரு மகானுபாவர் எழுதினாரே, அவர்தான் எங்கள் தலையில் கல்லைப் போட்டவர். நல்ல குடும்பத்துப் பெண் அந்தி வேளையில் தனியாக மாடிக்குப் போனாளாம், பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாளாம், அவள் முன்னமே சம்மதித்துத்தான் போயிருக்கிறாளாம், ஆசிரியர் இதைக் கற்பனையில் எழுதவில்லை, அனுபவத்தில் எழுதியிருக்கிறாராம். அடுத்த இதழில் இதை ஆமோதித்து ஒரு கூட்டமே எழுதிற்று. நீயோ அவளுக்கு அத்தான், முறைப்பையன். ஊர் வாய் சும்மா இருக்குமா?

இதைத் தணிக்க வேண்டும் என்றுதான் நான் ஒரு காரியம் செய்தேன். ‘நடுநிலை வாசகர்’ என்று கையெழுத்துப் போட்டு, மங்கை அப்படிப்பட்டவள் அல்ல, மாடிக் கதவின் சாவி எந்நேரமும் தகப்பனார் இடுப்பில் இருந்தது, ஆகவே கதையே நடந்திருக்க முடியாது என்று எழுதிப் போட்டேன். ஆனால் ஆயுசு முழுக்கச் சர்க்கார் கடுதாசி எழுதின கை இல்லையா, வலது மூலையில் கதவிலக்கம், கிராஸ் தெரு, மல்லேஸ்வரம் எல்லாவற்றையும் அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. பத்திரிகைக்காரன் அதைக் கட்டம் கட்டி, விலாசத்தோடு போட்டுவிட்டான். அதுவரை எந்த வீடு என்று ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது சாயங்காலமானால் காலேஜ் பையன்கள் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறான்கள். பக்கத்து வீட்டு கோவிந்தப்பா, ‘ஏன் ஸ்வாமி, ராக்கெட் யாவாக ஹொரடுத்தே?’ என்று கிளம்பும் வேளையை விசாரிக்கிறார். நான் கன்னடமே தெரியாதவன் மாதிரி உள்ளே போய்விடுகிறேன்.

இதெல்லாம் போகட்டும். மைசூர் சம்பத்குமாராச்சார் பிள்ளைக்கு அலர்மேலுவைப் பேசி, ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து முடிந்து, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. அந்த மனுஷர் அந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர். நேற்றைக்குத் திடீரென்று வந்து நின்றார். காபியைத் தொடவில்லை. மாடியைப் பார்க்கலாமா என்றார். பெண்ணைக்கூட அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் குனிந்து, தரையில் கறுப்பாக இருந்த இடத்தை விரலால் தடவி முகர்ந்தார். தீபாவளிக்குப் புஸ்வாணம் விட்ட இடம் என்றேன். ‘புஸ்வாணமா’ என்று மட்டும் கேட்டார். கீழே இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: ‘வெள்ளிக்கிழமைக்குள்ள கதை எழுதின அந்தப் பையன் கையெழுத்தில மறுப்பா ஏதாவது காட்டுங்கோ. இல்லேன்னா எங்களை மறந்துடுங்கோ.’

எனக்குப் பயமாயிருக்கிறது, அனந்தா. அவளுக்கு இருபத்துநாலு நடக்கிறது. இது தட்டிப்போனால், செவ்வாய்க்குப் போன பெண் என்று பெயர் வாங்கினவளை அப்புறம் எவன் வாசலில் வந்து கேட்பான்? ஆகவே இதைக் கண்டதும் ஒரு மறுப்பு எழுதி எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்பு. மங்கை வெறும் கற்பனை, அந்த வீடு மல்லேஸ்வரத்திலேயே இல்லை, எனக்கு என் அம்மங்கா அலர்மேலு பேரில் அன்றைக்கும் இன்றைக்கும் எந்த எண்ணமும் கிடையாது என்று தெளிவாக எழுது. முடிந்தால் கதைக்கு ஒரு இரண்டாம் பாகமும் எழுதி, மங்கை மறுநாளே திரும்பி வந்துவிட்டதாகவும், போன இடத்துக்கு அவள் அம்மாவும் கூடப் போயிருந்ததாகவும் சேர்த்துவிடு. தொந்தி விஷயத்தை உன் மனசாட்சிக்கே விடுகிறேன்.

கோமளத்துக்கு என் அன்பைச் சொல். தீர்க்காயுசாக இரு, பேரும் புகழுமாக இரு. எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் எழுது.

உன் மாமா,
சீனிவாசராகவன்

பி.கு. அத்தான், இது அலர்மேலு. தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்பா வாக்கிங் போயிருக்கிறார். உறையை ஒட்டவில்லை, படித்துவிட்டேன். மறுப்பு எழுத அவசரப்படாதே. எனக்கும் ஒரு வாசகர் அபிப்பிராயம் இருக்கிறது. உன் கதை பதினோரு பக்கம். அதில் மங்கைக்கு ஒரு வார்த்தை பேச்சு இல்லை. ஏற்றிக்கொண்டு போகிறவன் ‘வரயா’ என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இஷ்டப்பட்டுப் போனாளா, இல்லையா என்று ஊரே அடித்துக்கொள்கிறது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மைசூர்ப் பிள்ளையும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மதராஸ் மெயில் வரும். என்னைக் கேட்க உனக்கு ஏதாவது இருந்தால் அதில் வந்து கேள். இல்லையென்றால் மறுப்பை அனுப்பு. அதை உன் பதில் என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வருகிறவர்களுக்கு என் பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.